அந்தோனியாரும் தேடித் தராத கோப்பு

மோனை, ஒரு கதை கேக்கிறன், கோவிக்கப்படாது. வெள்ளவத்தையிலை ஏசிக் குளிருக்குள்ளை இருந்துகொண்டு, கொம்பனிக் கணக்கு, கொம்மாவின்ரை காணி உறுதி, கொக்காவின்ரை கலியாணப் படம் எண்டு எல்லாத்தையும் கிளவுட்டிலை ஏத்திப்போட்டன், இனிப் பயமில்லை எண்டு சொன்னியெல்லே. ஏத்தினது அங்கை இருக்கோ எண்டு கேட்டன். "ஓம் மாமா, இருக்கு" எண்டாய். ஏத்தினபடியே இருக்கோ எண்டு கேட்டன். ஃபோனைப் பாத்தாய், என்னைப் பாத்தாய், பேந்து "பச்சை அடையாளம் விழுந்திருக்குத்தானே" எண்டாய்.

பச்சை அடையாளமாம். புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவிலை வாய் தைச்சு, முத்திரை குத்தி, முதலாந்தரம் எண்டு எழுதி வந்து இறங்கின மூட்டையளுக்குள்ளை நான் கண்ட கல்லையும் உமியையும் சொன்னால் உனக்கு இரவுக்குச் சோறு இறங்காது.

நான் புங்குடுதீவிலை பிறந்து, புறக்கோட்டையிலை கணக்கெழுதித் தேஞ்சு, இப்ப கொச்சிக்கடையிலை குந்தியிருக்கிற கட்டை. சைவக்காரன்தான், ஆனால் செவ்வாய்க்கிழமை அந்தோனியாரட்டை ஒருக்காப் போய் வராட்டில் பத்தியப்படாது. அண்டைக்கு எங்கடை றோட்டாலை ஒரு சைக்கிள் போகேலாது. சைவம், வேதம், புத்தம், இஸ்லாம் எண்டு பாராமல் எல்லாச் சனமும் மெழுகுதிரியோடை நிக்கும். ஒல்லாந்தன் காலத்திலை ஒளிச்சுத் திரிஞ்ச ஒரு பாதிரியார் மன்றாடிக் கடலை மறிச்ச இடம் எண்டு பழைய ஆக்கள் சொல்லுவினம். துலைஞ்சதைத் தேடித் தாறவர் எண்டு பேரெடுத்தவர் அந்தோனியார். பாஸ்போட் துலைச்சவன், சங்கிலி துலைச்சவள், புருசனைத் துலைச்சவள் எல்லாம் வரிசையிலை. (புருசனைத் தேடவேண்டாம் எண்டு மன்றாடுறவையும் அதுக்குள்ளை நிப்பினம், அது வேறை கதை.) ஆனால் மோனை, "என்ரை சாமான் வைச்ச இடத்திலைதான் கிடக்குது, உள்ளுக்கை என்னவோ மாறிப்போச்சு, என்னெண்டு காட்டித் தாரும்" எண்டு கேட்டு வந்த ஒருத்தரையும் நான் காணேல்லை. துலைஞ்சால் துலைஞ்சதெண்டு தெரியும், அழுவம், தேடுவம். மாறினால் மாறினதெண்டே தெரியாது. உன்ரை கிளவுட்டிலை நான் பயப்பிடுறது அதுக்குத்தான்.

அதுக்காகத் துலைக்கிறதிலை எங்கடை ஆக்கள் குறைஞ்சவை எண்டு நினைச்சிடாதை. 2023 ஓகஸ்ட் மாசம் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்டுக்குள்ளை கப்பம் கேக்கிற வைரஸ் பூந்தது. ஜிஓவி புள்ளி எல்கே எண்டு முடியிற ஏறக்குறைய 5,000 மின்னஞ்சல் முகவரி, அமைச்சரவைக் கந்தோர் உட்பட, அம்பிட்டுப் போச்சு. பொறுப்பான தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள்ளை சேவையைத் திருப்பிக் கொண்டுவந்திட்டுது. அதைச் சொல்லத்தான் வேணும். ஆனால் மே 17 இலையிருந்து ஓகஸ்ட் 26 வரைக்குமான கடிதங்கள் வரேல்லை. நான் விரல் மடிச்சு எண்ணிப் பாத்தன்: மூண்டு மாசமும் ஒன்பது நாளும். அந்த மாசங்களுக்கு வலையிலையிருந்து கழட்டி வைச்ச பிரதி ஒண்டு இருக்கேல்லை. கூட இருந்த பிரதியையும் கள்ளன் சேத்துப் பூட்டிப்போட்டான். வீட்டுத் திறப்பின்ரை மற்றச் சோடியை அதே கொளுக்கியிலை கொழுவி வைச்சிருந்தால் கள்ளன் ஒண்டை மட்டும் எடுத்துக்கொண்டு போவானோ?

இன்னொரு பகிடி கேள். அந்த மின்னஞ்சலெல்லாம் ஓடினது எக்ஸ்சேஞ்ச் 2013 எண்ட பழைய சாமானிலை. அதைச் செய்த மைக்ரோசொப்ட்காரனே 2023 ஏப்ரல் 11 ஓடை, இனி எங்களைக் கேக்காதேங்கோ எண்டு கையைக் கழுவினவன். கழுவினாப் பிறகும் வேலையிலை வைச்சிருந்தவை. வயசு போனதுகளை இப்பிடி ஆதரிக்கிற அரசாங்கம் எண்டு தெரிஞ்சிருந்தால் நானும் ஒரு உத்தியோகத்துக்கு விண்ணப்பம் போட்டிருப்பன். மின்னஞ்சலிலை இல்லை, தபாலிலை.

அதுக்கும் ரண்டு வருசம் முந்தி, 2021 ஜூலையிலை, தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின்ரை தரவு அதே அரசாங்கக் கிளவுட்டிலையிருந்து அழிஞ்சு போச்சு. எந்த மருந்து நாட்டுக்குள்ளை வரலாம், ஆர் விண்ணப்பிச்சது எண்ட விவரங்கள். சீஐடி விசாரணைக்குப் போச்சு, ஒரு மென்பொருள் பொறியியலாளரைப் பிடிச்சு நீதிமன்றத்திலை நிப்பாட்டிச்சினம். ஆர் செய்தது, ஏன் செய்தது எண்டதை நீதவான் பாக்கட்டும், நான் தீர்ப்புச் சொல்லுற ஆளில்லை. எனக்குள்ள கேள்வி வேறை. அழிஞ்சது தெரிஞ்சபடியால் சத்தம் போட்டம். அழியாமல், ஒரு மருந்தின்ரை பேருக்கு நேரை இருந்த "இல்லை" எண்டது "ஓம்" எண்டு மாறியிருந்தால் ஆர் சத்தம் போட்டிருப்பினம்? குளிசை குடிச்சவனும் போட்டிருக்கமாட்டான்.

இப்ப நீ நெஞ்சை நிமித்துவாய்: "நாங்கள் ஒவ்வொரு நாளும் பிரதி எடுக்கிறனாங்கள் மாமா." எடுத்ததை ஆர் திறந்து பாத்தது? கிட்லாப் எண்ட கொம்பனியை உனக்குத் தெரியாததில்லை, நாள் முழுக்க அதுக்குள்ளைதானே கிடக்கிறாய். 2017 ஜனவரி 31 அண்டைக்கு அங்கை ஒருத்தர் வேலை செய்து களைச்சு, இந்தச் சேர்வர் எண்டு நினைச்சு மற்றச் சேர்வரிலை தரவுத்தளக் கோப்புறையை அழிச்சுப்போட்டார். ஐயோ எண்டு கையை எடுக்கேக்கை 300 ஜிபியிலை மிச்சம் 4.5 ஜிபி. பரவாயில்லை, பிரதி எடுக்க அவையட்டை அஞ்சு வழி இருந்தது. ஒண்டொண்டாய்ப் போய்த் தட்டிச்சினம். அஞ்சும் கை விரிச்சிட்டுது.

அதிலை ஒரு வழியைக் கிட்ட நிண்டு பார், வாழ்க்கைக்கு உதவும். நாளாந்தம் பிரதி எடுத்து அமேசனிலை வைக்க வேணும். போய்ப் பாத்தால் அங்கை ஒண்டுமில்லை, துடைச்சு வைச்ச சட்டி. தரவுத்தளம் 9.6 ஆம் பதிப்பு, பிரதி எடுக்கிற கருவி 9.2 ஆம் பதிப்பு. ரண்டும் ஒத்துவராமல் அந்த அலுவல் ஒவ்வொரு நாளும் தோத்துக்கொண்டிருந்திருக்கு. தோத்தால் எச்சரிக்கை மின்னஞ்சல் வரவேணுமெல்லே? அனுப்பினதுதான். அந்த மின்னஞ்சலிலை முறையான கையொப்பம் இல்லையெண்டு, வாங்கிற பக்கத்துச் சேர்வர் வாசலிலையே திருப்பி அனுப்பிப்போட்டுது! வீடு எரியுது எண்டு சொல்ல ஓடி வந்தவனை, அடையாள அட்டை எங்கை எண்டு கேட்டுத் துரத்தின மாதிரி. கடைசியிலை காப்பாத்தினது, வேறை ஒரு அலுவலுக்காக ஆறு மணித்தியாலம் முந்தி கையாலை எடுத்து வைச்ச ஒரு பிரதி. அந்த ஆறு மணித்தியால வேலை போனது போனதுதான். ஒண்டு சொல்லுவன்: அவை மறைக்கேல்லை. மீட்கிற வேலையை யூடியூப்பிலை நேரடியாய் ஊருக்குக் காட்டிச்சினம். எங்கடை நாட்டிலையெண்டால் முதல் ஒரு குழு போட்டு, பேந்து அந்தக் குழுவின்ரை அறிக்கையைத் துலைச்சிருப்பம்.

சரி, அழிக்கிறதும் தோக்கிறதும் மனுசன் செய்யிற வேலை. மனுசன் தொடாமலே மாறுமோ எண்டு கேட்டால், மாறும். 2008 ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை, அமேசனின்ரை எஸ்3 களஞ்சியம் கன மணித்தியாலம் படுத்திட்டுது. காரணம் என்ன தெரியுமோ? அந்தச் சேர்வருகள் தங்களுக்குள்ளை சுகம் விசாரிச்சு அனுப்புற செய்தியள் சிலதிலை ஒரே ஒரு பிட் மாறிப்போச்சு. சைபர் ஒண்டாச்சு, அல்லது ஒண்டு சைபராச்சு, அவ்வளவுதான். செய்தியைப் பாத்தால் செய்தி மாதிரித்தான் இருக்கும், ஆனால் சொல்லுறது பிழை. அந்தப் பிழையை ஒண்டுக்கொண்டு சொல்லிப் பரப்பி, ஊர்க்கதையிலையே நேரம் போய், வேலைக்கு நேரமில்லாமல் போச்சு. வாடிக்கையாளரின்ரை கோப்பு வரேக்கை போகேக்கை எல்லாம் எம்டி5 போட்டுச் சோதிச்சவை, தங்கடை சொந்தக் கதையை மட்டும் சோதிக்காமல் விட்டவை. பெரிய இடத்து வீடுகளிலை அப்பிடித்தான் மோனை.

அந்த எம்டி5, ஷா-256 எல்லாம் என்ன எண்டு நீயே எனக்கு ஒருக்கா விளங்கப்படுத்தினனி. இப்ப நான் உனக்குத் திருப்பிச் சொல்லுறன், பிழையெண்டால் சொல்லு. ஒரு கோப்பை அந்தக் கணக்குக்குள்ளை விட்டால் மற்றப் பக்கத்தாலை ஒரு எழுத்துக்கோவை வரும். ஷா-256 எண்டால் 64 எழுத்து. ஒரு துண்டுக் கடிதமெண்டாலும் 64, கொக்காவின்ரை கலியாண வீடியோ முழுக்கவெண்டாலும் 64. கடிதத்திலை ஒரு காற்புள்ளியை எடுத்துவிட்டால் வாற கோவைக்கும் முதல் வந்ததுக்கும் சொந்தபந்தமே இருக்காது. ஏத்த முந்திப் போட்டு எழுதி வை; இறக்கினாப் பிறகு திருப்பிப் போடு; ஒத்துவந்தால் ஏத்தினதுதான் இறங்கியிருக்கு. எம்டி5 வேண்டாம். அது 1991 இலை றொன் ரிவெஸ்ட் செய்தது. 2004 இலை சீனத்து ஆராய்ச்சியாளர் ரண்டு வேறை கோப்புக்கு ஒரே கோவை வரப்பண்ணிக் காட்டிப்போட்டினம். தன்பாட்டிலை பழுதாகிறதைப் பிடிக்க இண்டைக்கும் உதவும். கள்ளனைப் பிடிக்க உதவாது. ஷா-1 உம் 2017 இலை அதே வழியிலை போட்டுது.

இதுக்குள்ளை நீ ஒரு கெட்டித்தனம் காட்டுவாய் எண்டு தெரியும்: "கிளவுட்காரனே கோவையைக் காட்டுறான், அதைப் பாத்தால் போதும்தானே?" முதலாவது, எஸ்3 காட்டுற ஈடாக் எண்டதைக் கனபேர் எம்டி5 எண்டு நினைக்கிறவை. பெரிய கோப்பைத் துண்டு துண்டாய் ஏத்தினால் அது முழுக்கோப்பின்ரை எம்டி5 இல்லை. ஒத்துவரேல்லை எண்டு இரவிரவாய் முழுசுவாய். ரண்டாவது, முதலாளியிட்டையே போய் "உங்கடை அரிசி நல்லதோ" எண்டு கேட்டால் அவர் என்ன சொல்லுவார்? முந்தின வருசம் கணக்குப் போட்டு எழுதி வைச்ச கோவையை இண்டைக்கும் காட்டலாம். கோப்பு எப்பவோ செத்திருக்கும்.

இந்த இடத்திலைதான் எங்கடை புறக்கோட்டை வருது. லொறியிலை முந்நூறு மூட்டை வந்து நிண்டால் எல்லாத்தையும் அவிழ்க்கேலாது. குத்தூசி ஒண்டு வைச்சிருப்பம். மூட்டையிலை குத்தினால் அதின்ரை குழிக்குள்ளாலை ஒரு பிடி அரிசி வரும். ஆனால் எங்கை குத்தப் போறன் எண்டு லொறிக்காரனுக்கு முன்கூட்டித் தெரியப்படாது. தெரிஞ்சால் அந்த மூட்டையளை மட்டும் நல்ல அரிசியாய் வைப்பான். 2007 இலை அமெரிக்காவிலை ரண்டு கூட்டம் ஆராய்ச்சியாளர் இதையே கணினிக்குச் செய்து வைச்சவை. அட்டெனீசேயும் கூட்டாளியளும் ஒரு பக்கம், ஜூவெல்ஸும் கலிஸ்கியும் மற்றப் பக்கம். கோப்பைத் துண்டு துண்டாய்ப் பிரிச்சு, உன்ரை இரகசியத் திறப்பாலை ஒவ்வொண்டுக்கும் ஒரு அடையாளம் போட்டு ஏத்து. பிறகு நினைச்ச நேரம், நினைச்ச துண்டுகளைச் சொல்லி, "இதுகள் உன்னட்டை இருக்கெண்டு காட்டு" எண்டு கேள். துண்டு கையிலை இல்லாதவனாலை சரியான மறுமொழி தரேலாது. முழுக்கோப்பையும் இறக்கத் தேவையில்லை.

கணக்கும் வடிவான கணக்கு. துண்டுகளிலை நூற்றுக்கு ஒண்டு பழுதெண்டு வை. கண்ணை மூடிக்கொண்டு 460 துண்டைச் சோதிச்சால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வீதம் பழுது கையிலை தட்டுப்படும். கோப்புக்குப் பத்தாயிரம் துண்டு எண்டாலும் அதே 460 போதும், பத்து லட்சம் துண்டு எண்டாலும் அதேதான். எனக்கு இந்தக் கணக்கைக் கேட்டு ஒரு கிழமை சந்தோசம். ஆனால் நூற்றுக்கு ஒண்டு இல்லாமல், முழுக் கோப்பிலையும் ஒரே ஒரு துண்டுதான் பழுதெண்டால் குத்தூசி அதைத் தவறவிடும். காணி உறுதியிலை 2 பரப்பு 12 பரப்பாகிறதுக்கு ஒரு இலக்கம் போதும். அப்பிடியான சின்னச் சாமானுக்குக் குத்திப் பாக்கிற வேலை வேண்டாம். முழுக்க இறக்கி முழுக்கச் சோதி. குத்துறது மலையாய்க் குவிஞ்சு கிடக்கிறதுக்கு.

இன்னொண்டு. உன்ரை ஃபோனும் மடிக்கணினியும் கிளவுட்டும் ஒண்டையொண்டு பாத்துத் தானாய் ஒத்துப்போகுது எண்டு பெருமைப்பட்டியே, அது பிரதி இல்லை ராசா, அது கண்ணாடி. நீ முகத்திலை கரி பூசினால் அதுவும் பூசும். வைரஸ் பூட்டின கோப்பையும் நல்லபிள்ளை மாதிரி எல்லா இடத்துக்கும் கொண்டுபோய் வைச்சுப் பச்சை அடையாளம் போடும். அமேசன்காரன் 99.999999999 வீதம் பத்திரம் எண்டு எழுதுவான், பதினொரு ஒன்பது. பொய்யில்லை. ஆனால் அது தட்டு பழுதாகிறதுக்குச் சொன்ன கணக்கு. நீயாய்ப் போய் அழிக்கிறதுக்கும், பில்லுக் கட்டாமல் விடுறதுக்கும் அதிலை ஒரு ஒன்பதும் இல்லை.

அவுஸ்திரேலியாவிலை யூனிசூப்பர் எண்டொரு ஓய்வூதிய நிதியம், 5 லட்சத்துக்கு மேலை அங்கத்தவர். கூகிள் கிளவுட்டிலை ரண்டு ஊரிலை பிரதி வைச்சிருந்தவை. அமைக்கேக்கை கூகிள்காரர் ஒரு பெட்டியை நிரப்பாமல் வெறுமையாய் விட்டிருக்கினம். அதாலை ஒரு வருசத் தவணை எண்டு விழுந்து, 2024 மே மாசம் அவையின்ரை கிளவுட் தன்பாட்டிலை அழிஞ்சுது. வேறை ஒரு கொம்பனியிட்டையும் பிரதி வைச்சிருந்தபடியால் தப்பிச்சினம். தென்கொரியாவுக்கு அந்தப் புண்ணியம் கிடைக்கேல்லை. 2025 செப்டெம்பர் 26 அண்டைக்கு டேஜோனிலை அரசாங்கத் தரவு நிலையத்தின்ரை பற்றரியிலை தீப்பிடிச்சு, அரச ஊழியர் வேலைக் கோப்புகள் வைச்சிருந்த ஜி-டிரைவ் 858 டெராபைட்டும் சாம்பலாச்சு. வெளியிலை பிரதி இல்லை. ஏனெண்டால் பிரதி எடுக்கேலாத அளவுக்குப் பெரிசாம். கம்ப்யூட்டரைக் கண்டுபிடிச்ச மாதிரித் திரியிற நாடு!

எங்களுக்கு உது புதுசில்லை. 1981 மே 31 இரவு தொடங்கின வன்செயலிலை யாழ்ப்பாணம் பொது நூலகம் எரியேக்கை ஏறக்குறைய 97,000 புத்தகம் போச்சு. அச்சடிச்ச புத்தகம் வேறை எங்கையாவது ஒண்டு கிடைக்கும். ஏட்டுச்சுவடிக்கு எங்கை போறது? அதுகளுக்கு அந்த ஒரே இடம்தான். 2005 இலையிருந்து நூலகம் எண்டு பேர் வைச்சு எங்கடை பெடி பெட்டையள் கிடைச்ச பழைய புத்தகம், பேப்பரெல்லாத்தையும் ஸ்கான் பண்ணி ஏத்திக்கொண்டிருக்கிறதுக்கு அந்த நெருப்பு மணந்தவைக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. இந்த விசயத்திலை நான் உன்னட்டைப் பகிடி விடேல்லை.

கந்தோருக்கு இப்ப சட்டமும் வந்திட்டுது, 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். மற்றாக்களின்ரை தரவை வைச்சிருக்கிறவன் அதைப் பழுதாகாமலும் கைமாறாமலும் காக்க வேணும் எண்டு அதிலை எழுதிக் கிடக்குது. உன்ரை முதலாளியிட்டைச் சொல்லு: மூண்டு பிரதி, ரண்டு விதமான இடம், ஒண்டு வெளியூரிலை, ஒண்டாவது வலையிலையிருந்து கழட்டினபடி. மாசத்துக்கு ஒருக்கா எதையாவது ஒண்டை வெறும் கணினியிலை மீட்டுப் பாக்க வேணும். தோத்தால் ஆருக்கு மின்னஞ்சல் போகும் எண்டு கேள், அந்த மின்னஞ்சல் உண்மையிலை வருதோ எண்டு ஒருக்கா வேணுமெண்டே தோக்கப்பண்ணிப் பார். முதலாளி செலவைக் கேட்டு முகம் சுழிப்பார். நாலாம் குறுக்குத் தெருவிலை குத்தூசி வாங்கவும் முகம் சுழிச்ச முதலாளிமாரைக் கண்டவன் நான்.

இண்டைக்கு இரவு கந்தோரை விடு. கொம்மாவின்ரை காணி உறுதியை மட்டும் எடு. உன்ரை கணினியிலை கிடக்கிறதைத் திறக்காதை. கிளவுட்டிலையிருந்து புதுசாய், வேறை இடத்திலை இறக்கு. கடைசிப் பக்கம் வரைக்கும் பார், நொத்தாரிசின்ரை கையெழுத்து வடிவாய்த் தெரியுதோ எண்டு பார். தாள் உறுதியோடை வைச்சுப் பரப்பையும் குழியையும் எல்லையையும் ஒத்துப் பார். பேந்து ஷா-256 போட்டு, அந்த 64 எழுத்தையும் ஒரு தாளிலை அச்சடிச்சுக் கொம்மாட்டைக் குடு. இது என்னெண்டு கேட்டால் மாமா தரச் சொன்னவர் எண்டு சொல்லு. பாங்குக் கொப்பியோடை அலுமாரியிலை கூறைச் சேலைக்குக் கீழை வைச்சுப் பூட்டுவா. அங்கையிருந்து அதை எடுத்து மாத்த இன்னும் ஒரு ஹக்கரும் பிறக்கேல்லை.